ஐம்பது குஞ்சும் ஒரு பி.காமும்

நீங்கள் புதியம்புத்தூருக்குப் போயிருக்கிறீர்களா? பெரும்பாலும் போயிருக்க மாட்டீர்கள். ஆனால் உங்கள் குழந்தை போட்டிருக்கிற கவுன், உங்கள் மச்சினன் தீபாவளிக்கு எடுத்த சட்டை, இரண்டில் ஒன்று அங்கிருந்து வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ரெடிமேடுக்குப் பேர் போன ஊர். தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு தையல் மெஷின். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் காதில் விழுவது காபிக் கடை பாய்லர் சத்தமோ, கோயில் மணியோ இல்லை. 'டர்ர்ர்ர்' தான்.

தூத்துக்குடியில் ஓட்டப்பிடாரம் போகிற பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால், கடலின் உப்பு வாடை பின்னால் தங்கிவிடும். கறுப்பு மண்ணும் சீமைக்கருவேலமும் ஆரம்பிக்கும். நடுவில் உடைமரம் ஒன்று குடை பிடித்தபடி நிற்கும். அதன் நிழலில் நாலு ஆடு, ஒரு ஆள், ஒரு செல்போன் பாட்டு. வலப்பக்கம் உளுந்து, இடப்பக்கம் மக்காச்சோளம், மேலே வெயில். பஸ்ஸை விட்டு இறங்காமல் நேரே போனால் வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரம். அதற்குப் பக்கத்திலேயே கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி. வேட்டை நாய்களை ஒரு முயல் திருப்பி விரட்டியதாம், அந்த மண்ணில்தான் கோட்டை கட்டினார்களாம். எங்கள் ஜில்லாவில் பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு இந்தக் கதையையும் புகட்டிவிடுவார்கள்.

நான் வரலாறு படிக்கப் போகவில்லை. கோழிக்குஞ்சு பார்த்துக்கொள்ளப் போனேன்.

* * *

போன தை மாசம். பொங்கல் முடிந்த மறுவாரம். மதினியிடமிருந்து போன்.

"தம்பி, ஒங்க அண்ணனுக்குக் குடலிறக்கம் ஆபரேஷன்னு சொன்னேன்லா... புதன்கிழமை வரச் சொல்லிட்டாவ. திருநவேலியில அஞ்சு நாள் இருக்கணும். நீங்க வந்து வீட்டப் பாத்துக்கிடுதியளா?"

"பிள்ளைக்குத் துணைக்கா மதினி?"

"பிள்ளைக்கு அடுத்த வீட்டு ஆச்சி இருக்காவ. குஞ்சுகளுக்குத் துணைக்கு!"

மதினி ரெண்டு மாசம் முன்னாடியே ஒரு பொரிப்பகத்தில் 50 நாட்டுக்கோழிக் குஞ்சுக்குச் சொல்லி வைத்திருந்தார். குஞ்சு ஒன்று 40 ரூபாய். அது வருகிற தேதியும் புதன்கிழமை. ஆபரேஷனைத் தள்ளிப் போடலாம், முட்டை பொரிவதைத் தள்ளிப் போட முடியாது. இருபத்தோராம் நாள் என்றால் இருபத்தோராம் நாள்தான்.

எதற்கு இந்தக் குஞ்சு? மதினி வீட்டிலிருந்தபடியே குழந்தைகள் கவுன் தைக்கிறவர். பீஸ் ரேட். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ராத்திரி பகல் தெரியாமல் மெஷின் ஓடும். பொங்கல் முடிந்தால் வேலை குறைந்துவிடும். சொந்தமாக ஒரு ஓவர்லாக் மெஷின் இருந்தால் ஓரம் அடிக்க அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டாம், ரேட்டும் கூடக் கிடைக்கும். செகண்ட் ஹாண்ட் மெஷினுக்கே அட்வான்ஸ் வேண்டுமே? ஐம்பது குஞ்சும் வளர்ந்தால் ஆனி, ஆடியில் கோயில் கொடை நேரத்துக்குச் சேவல் ரெடி. ஆக, வரப்போவது கோழிக்குஞ்சு இல்லை, இறக்கை முளைத்த ஓவர்லாக் மெஷின்.

"நீங்க வீட்டுல இருந்துதான எழுதுதிய? எங்கன இருந்து எழுதுனா என்ன?" என்றார் மதினி. ஃப்ரீலான்ஸ் எழுத்தாளனைப் பற்றி உறவினர்கள் வைத்திருக்கிற அபிப்பிராயம் உலகம் முழுக்க ஒன்றுதான்.

நான் பி.காம். ஐம்பது குஞ்சு எனக்கு என்ன பிரமாதம்? ஆரம்பச் சரக்கிருப்பு 50. ஐந்து நாள் கழித்து இறுதிச் சரக்கிருப்பு 50. நடுவில் கொள்முதல் இல்லை, விற்பனை இல்லை. இதைவிட எளிமையான கணக்கு பிளஸ் ஒன்னில்கூட வராது.

கிளம்பும் அவசரத்தில் மதினி சொன்னவை மூன்றே மூன்று. "அறுபது வாட் பல்பு ரெண்டு வாங்கிப் போட்டுருங்க. கொல்லையில தகடு கெடக்கு, அத வளைச்சி வச்சிருங்க. ராத்திரி ஒரு கண்ணு முழிச்சே இருக்கட்டும்."

மூன்றிலும் தவறினேன்.

* * *

கடையில் போய் "அறுபது வாட் பல்பு ரெண்டு" என்றேன். அவர் எல்.இ.டி. டப்பா இரண்டை எடுத்து வைத்தார். ஒன்பது வாட். டப்பாவின் மேலேயே '60 வாட் பல்புக்குச் சமம்' என்று அச்சடித்திருந்தது. மனசுக்குள் கணக்குப் போட்டேன். ரெண்டு பல்பில் 102 வாட் மிச்சம்! மதினி வந்ததும் கரண்ட் பில்லைக் காட்டி நல்ல பேர் வாங்கிவிடலாம்.

தகடு? அது கூரைக்கு வைத்திருக்கிற தகடு என்று நினைத்துத் தொடவில்லை. அதுதான் சட்டை அடுக்குகிற பெரிய அட்டைப்பெட்டி வீட்டில் கிடக்கிறதே, சதுரமாக, அம்சமாக! நல்ல நியூஸ் பேப்பரை வழவழவென்று விரித்தேன். தண்ணீருக்கு ஒரு கிண்ணம். பல்பை மேலே கட்டினேன். குஞ்சுகள் வந்தன. பழுப்பு, கறுப்பு, மஞ்சள், முதுகில் கோடு போட்டது, நெற்றியில் பொட்டு வைத்தது என்று ஐம்பது பஞ்சு உருண்டைகள். அண்ணன் மகள் (ஏழாம் வகுப்பு) ரெண்டு தரம் எண்ணினாள். சரியாக ஐம்பது.

ராத்திரி பூராவும் கீச் கீச்சென்று ஒரே சத்தம். "பாரு, எவ்வளவு சந்தோஷமாப் பாடுது!" என்றேன் அவளிடம். பிறகு தலையணையால் காதை மூடிக்கொண்டு தூங்கிவிட்டேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. சத்தம் குறைந்திருந்தது.

பெட்டியை எட்டிப் பார்த்தேன். எல்லாக் குஞ்சும் ஒரு மூலையில் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி மலையாய்க் குவிந்திருந்தன. மேலே இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளி வைத்தேன். அடியில் ஆறு. எழவில்லை. அப்பளம் மாதிரி இருந்தன.

அண்ணன் மகள் பின்னால் வந்து நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை.

ஏழு மணிக்கு மதினி போன். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிட்டு தம்பி. குஞ்சுவ எப்படி இருக்கு?"

"ஜம்முனு இருக்கு மதினி."

அண்ணன் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கூல் பையை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வழக்கமாக வாசலில் நின்று "போய்ட்டு வாரேன் சித்தப்பா" என்பவள்.

* * *

ஆச்சி வந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். இடுப்பில் சுருக்குப்பை, வாயில் வெற்றிலை. பெட்டியையும் பார்த்தார், பல்பையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பல்பில் கையை வைத்தார். எடுக்கவே இல்லை.

"எய்யா, இது என்ன வெளிச்சம் பாக்கதுக்கா? கோழி வயித்துக்குள்ள பல்பா எரியுது? சூடுல்லா வேணும்!"

அப்போதுதான் உறைத்தது. அறுபது வாட்டுக்குச் சமம் என்றால் வெளிச்சத்தில் சமம். சூட்டில் இல்லை. குண்டு பல்பு தின்கிற கரண்டில் பெரும்பங்கு சூடாகத்தான் போகும். அதனால்தான் அதை வீண்செலவு என்று உலகமே ஒதுக்கிவிட்டது. ஆனால் கோழிக்குஞ்சுக்கு அந்த வீண்செலவுதான் அம்மா!

"கரிசக்காட்டு வெயில் போதாதா ஆச்சி? இதுக்குப் போய் சூடு வேற வைக்கணுமா?" என்று கேட்டேன். ஆபீஸில் ஏ.சி. போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நீங்களும் இதைத்தான் கேட்பீர்கள்.

விஷயம் இதுதான். தாய்க்கோழியின் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி. பிறந்த குஞ்சுக்கு முதல் வாரம் தன்னைச் சுற்றி 35 டிகிரி வேண்டும். அதன் மேல் இருப்பது இறகு இல்லை, வெறும் பஞ்சு. சொந்தமாகச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாது. கறுப்பு மண் பகலில் எப்படிக் கொதித்தாலும், தை மாசத்து ராத்திரியில் பனி இறங்கினால் இருபது, இருபத்திரண்டு டிகிரிக்கு வந்துவிடும். நமக்குப் போர்வையை இழுத்துக்கொள்ளச் சுகமான குளிர். குஞ்சுக்கு உயிர் போகிற குளிர். குளிர்ந்தால் அவை என்ன செய்யும்? ஒன்றின் அடியில் ஒன்று நுழையப் பார்க்கும். பெட்டிக்கு மூலை இருந்தால் அந்த மூலையில் ஏறி மிதித்து அமுக்கும். அடியில் மாட்டியது மூச்சு முட்டிச் சாகும். அதற்குத்தான் வட்டமாகத் தகடு. வட்டத்தில் மூலை இல்லை. மதினிக்குத் தெரிந்திருந்தது. எனக்கு ஜியோமிதியில் நூற்றுக்கு அறுபத்தெட்டு.

"ராத்திரி பாடிச்சுன்னு சொன்னியாமே? பிள்ள சொல்லிச்சு" என்றார் ஆச்சி. "அது பாட்டில்ல எய்யா. ஆத்தாளக் கூப்புட்டுருக்கு."

அதற்கு மேல் அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

* * *

குண்டு பல்பு தேடி அலைந்தேன். முதல் கடையில் சிரித்தார்கள். இரண்டாவது கடையில் "அதெல்லாம் இப்ப யாரு சார் வாங்குதா?" மூன்றாவது கடையில் ஒரு அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கோழிக்கா?" என்றார். ஆமாம் என்றதும் பரணில் ஏறி, தூசி தட்டி நாலு எடுத்துக் கொடுத்தார். நாட்டில் குண்டு பல்பின் கடைசி வாடிக்கையாளர்கள் கோழி வளர்ப்பவர்கள்தான் போலிருக்கிறது.

கால்நடை மருந்தகத்திலும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். ஆச்சி சொன்னதும் அங்கே சொன்னதும் அநேகமாக ஒன்றாகவே இருந்தன. நீங்களும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்காவது உதவும்.

குஞ்சு ஒன்றுக்கு இரண்டு வாட் சூடு என்பது கணக்கு. ஐம்பதுக்கு நூறு வாட். ஒரே நூறு வாட் பல்பாகப் போடாமல் அறுபது வாட்டில் இரண்டாகப் போடுவது நல்லது. நடுராத்திரியில் ஒன்று ஃபியூஸ் போனால் இன்னொன்று காப்பாற்றும். தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிட்டு, ஏற்றி இறக்கிச் சரி செய்ய வேண்டும். பல்பு அறுந்து விழாதபடி இரண்டு கயிறு கட்ட வேண்டும். விழுந்தால் உமி பற்றிக்கொள்ளும். தரையில் இரண்டு அங்குலத்துக்கு உமி. மேலே வழவழப்பான பேப்பரைப் போட்டால் குஞ்சின் கால் வழுக்கி இரண்டு பக்கமும் விரிந்து, பிறகு நிற்கவே வராமல் போய்விடும். சாக்கையோ, சொரசொரப்பான அட்டையையோ விரிக்கலாம். தண்ணீர் ஆழமில்லாத தட்டில். அதிலும் கூழாங்கல் போட்டு வைக்க வேண்டும். கல்லுக்கு நடுவில் அலகு நுழையும், குஞ்சு விழாது. நான் வைத்த கிண்ணத்தில் ஒரு முழு குஞ்சே குளிக்கலாம். கும்பிடு போட்டு எடுத்து வைத்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் சூட்டைக் குறைத்துக்கொண்டே வரலாம். நேர்கோட்டு முறைத் தேய்மானம்! அட, படித்த படிப்பு ஒரு இடத்தில் உதவிவிட்டது. மூன்று, நாலு வாரத்தில் இறகு முளைத்ததும் பல்பு தேவையில்லை. ஏழைப் பெண்களுக்கு அரசாங்கம் மானியத்தில் கோழிக்குஞ்சு கொடுக்கிற திட்டத்தில் நாலு வாரக் குஞ்சாகக் கொடுப்பதன் சூட்சுமம் இப்போது புரிகிறதா? அந்த நாலு வாரம்தான் கண்டம்.

தெர்மாமீட்டர் இல்லையா? கவலையில்லை, குஞ்சே தெர்மாமீட்டர். எல்லாம் பல்புக்கு அடியில் நெருக்கிக்கொண்டு நின்றால் குளிர். பல்பை விட்டு விலகித் தகட்டோரம் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப் பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. வட்டம் முழுக்கப் பரவி, ஒன்று தின்ன, ஒன்று குடிக்க, ஒன்று நின்றபடியே தூங்கி விழுந்தால் எல்லாம் சரி.

புது பல்பு போட்டு கால் மணி நேரத்தில் அப்படிப் பரவின. கீச்சென்ற கத்தல் அடங்கி, மெல்லிசாக ஒரு முணுமுணுப்பு. நேற்று ராத்திரி கேட்டதற்கும் இதற்கும் இருந்த வித்தியாசம் செவிடனுக்குக்கூடத் தெரியும்.

* * *

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த ஞாபகம் வந்தது. உங்களுக்கும் வரும்.

சின்ன வயசில் சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு கலர் கோழிக்குஞ்சு விற்க வருவார்களே... ரோஸ், பச்சை, வயலெட்! அப்பாவிடம் அழுது, தரையில் புரண்டு, ஒரு ரோஸ் குஞ்சு வாங்கினேன். செருப்பு டப்பாவில் ஓட்டை போட்டு வைத்தேன். அரிசி வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் டப்பாவில் அசைவில்லை. "சாயத்துல விஷம் இருக்கும். அதான் செத்துட்டு" என்றார் அப்பா. முருங்கை மரத்தடியில் புதைத்தோம்.

முட்டைக்கென்றே வளர்க்கிற ஜாதியில் சேவல் குஞ்சால் பண்ணைக்குப் பிரயோஜனமில்லை. முட்டையும் போடாது, கறியும் வைக்காது. பொரித்த அன்றைக்கே ஆண், பெண் பிரித்துக் கழித்துவிடுவார்கள். அப்படிக் கழிக்கப்பட்டவைதான் சாயம் பூசிக்கொண்டு தெருவுக்கு வருகின்றன. பொரிந்து இரண்டு, மூன்று நாளைக்கு வயிற்றுக்குள் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும். தீனி இல்லாவிட்டாலும் அது தாங்கும். அந்தத் தைரியத்தில்தான் அமெரிக்காவில் 1918 முதல் கோழிக்குஞ்சைத் தபாலிலேயே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பசியைத் தாங்கும், குளிரைத் தாங்காது. என் ரோஸ் குஞ்சை என்ன கொன்றது என்பதற்கு இனிமேல் சாட்சி கிடையாது. ஆனால் அந்தச் செருப்பு டப்பாவில் சூடு இருக்கவில்லை என்பதற்கு நானே சாட்சி. இத்தனை வருஷமும் சாயத்தின் மேல் பழி போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டேன்.

சாயந்திரம் அண்ணன் மகள் ஸ்கூலிலிருந்து வந்தாள். தகட்டு வட்டத்துக்குப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து எண்ணினாள். "நாப்பத்தி நாலு" என்றாள், யாரிடமோ சொல்வது மாதிரி.

போனை எடுத்து மதினியைக் கூப்பிட்டேன். "மதினி, காலையில பொய் சொன்னேன். ஆறு போயிட்டு. பல்பு தப்பா வாங்கிட்டேன்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. ஆஸ்பத்திரியில் யாரோ இருமுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பல்ப மாத்திட்டியளா?"

"மாத்திட்டேன்."

"தகடு?"

"வளைச்சி வச்சாச்சி."

"சரி. தூங்காதிய தம்பி" என்று வைத்துவிட்டார்.

அண்ணன் மகள் எழுந்து போய் எனக்கு ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தாள்.

* * *

பிறகு நான் தூங்கவில்லை. தூங்க விடவும் இல்லை.

இரண்டாம் ராத்திரி ஒரு குஞ்சு நொண்டியது. அண்ணன் மகள்தான் பார்த்தாள். தையல் வீடாயிற்றே! காற்றில் பறந்து வந்த நூல் ஒன்று கால் விரலில் சுற்றி, நடக்க நடக்க இறுகி, விரல் வீங்கிப்போயிருந்தது. நூல் வெட்டுகிற சின்னக் கத்திரியால் அவளே வெட்டி எடுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு டார்ச் அடித்தது மட்டும் என் வேலை. அன்றிலிருந்து அந்த அறைப் பக்கம் ஒரு துண்டுத் துணி வர விடவில்லை.

மறுநாள் இரண்டு குஞ்சுக்குப் பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. குளிர்பட்ட குஞ்சுக்கு இது வருமாம். முதல் ராத்திரியின் வட்டி! வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து மெதுவாகத் துடைத்தெடுக்க வேண்டும். பிய்த்து இழுக்கக் கூடாது. காமர்ஸ் படித்தவன் செய்கிற வேலையா என்று கேட்காதீர்கள். ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஸ் போயிருந்தால் இதைவிட மோசமான வேலையெல்லாம் கொடுத்திருப்பார்கள். ஒன்று பிழைத்தது. ஒன்று பிழைக்கவில்லை. 43.

மூன்றாம் ராத்திரி ஒன்றே காலுக்குக் கரண்ட் போயிற்று.

அந்த இருட்டையும் அமைதியையும் எப்படிச் சொல்வது? தூரத்தில் ஏதோ ஒரு வீட்டில் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் மட்டும் டர்ர்ர்ரென்றது. ஐந்து நிமிஷத்தில் முணுமுணுப்பு நின்று, கீச் ஆரம்பித்தது. ஆத்தாளைக் கூப்பிடுகிற கீச். எனக்கு அந்தப் பாஷை இப்போது தெரியும்.

ஆச்சி வீட்டுக் கதவைத் தட்டினேன். கிழவி அரிக்கன் விளக்கோடு வந்து அடுப்பை மூட்டினார். வெந்நீரைப் பாட்டில்களில் ஊற்றி, பழைய வேட்டியில் சுற்றி, வட்டத்துக்குள் வைத்தோம். மேலே பாதியைச் சாக்கால் மூடினோம். "முழுசா மூடாத, மூச்சு முட்டும்" என்றார். வெந்நீர் ஆறும் வரை காத்திராமல் மாற்றிக்கொண்டே இருந்தோம். அண்டாவில் கரி போட்டு வைக்கலாமா என்று கேட்டேன். "ஜன்னலத் தொறந்து வச்சா வைக்கலாம். அடைச்ச வீட்டுக்குள்ள கரிப் புகைய வச்சா குஞ்சுக்கு முன்னால நீ போயிருவ" என்றார்.

விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தார். அவர் சிறு வயசில் பல்பும் இல்லை, பொரிப்பகமும் இல்லை. மண்சட்டியில் மணலும் வைக்கோலும் போட்டு, பதினோரு முட்டையோ பதிமூன்றோ வைத்துக் கோழியை அடை உட்கார்த்துவார்களாம். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று அடியில் ஒரு இரும்புத் துண்டு. பொரித்த பிறகு பஞ்சாரத்தைப் போட்டு மூடினால் கவலை விட்டது. "மத்ததெல்லாம் அவ பாத்துக்கிடுவா. பருந்து வந்தா ஒரு சத்தம் குடுப்பா, பூனை வந்தா வேற சத்தம் குடுப்பா. அந்தந்தச் சத்தத்துக்குக் குஞ்சு அந்தந்த மாதிரி ஒளியும்."

இது கிழவி கதை இல்லை. வானத்திலிருந்து வருகிற எதிரிக்கு ஒரு குரல், தரையில் வருகிற எதிரிக்கு வேறு குரல் என்று கோழிகள் பிரித்துச் சொல்வதை விஞ்ஞானிகளே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆச்சி வீட்டுக் கோழி ஒன்று மறுநாள் காலையில் ஒரு தெருநாயைச் சந்து முனை வரை துரத்தியதை நானே பார்த்தேன். பாஞ்சாலங்குறிச்சி முயலைப் பற்றி எனக்கு இருந்த சந்தேகம் அன்றோடு தீர்ந்தது.

நாலே முக்காலுக்குக் கரண்ட் வந்தது. டார்ச் அடித்து எண்ணினோம். 43. ஆச்சி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். என் பி.காம். ரிசல்ட் வந்த அன்றுகூட எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்ததில்லை.

நாலாம் ராத்திரி எலி. கோழி வலை போட்டு மூடியிருக்கிறோமே என்று தைரியமாக இருந்தேன். அந்த வலை கோழி வெளியே போகாமல் இருக்கத்தான். எலி அதன் கண்ணில் நுழைந்துவிடும், அல்லது வெளியே இருந்தபடியே குஞ்சின் காலைப் பிடித்து இழுத்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை வேண்டும். அந்நேரத்தில் வலைக்கு எங்கே போவது? கையில் துடைப்பக்கட்டையோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். எலி ஒரு ஓரத்தில், நான் ஒரு ஓரத்தில். ரெண்டு பேரும் தூங்கவில்லை.

* * *

திங்கட்கிழமை மத்தியானம் மதினியும் அண்ணனும் வந்தார்கள். அண்ணனைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு மதினி நேரே வட்டத்துக்கு வந்தார். தகட்டுக்கு மேலே குனிந்து, உதட்டை அசைத்து எண்ணினார். ஒரு குஞ்சைத் தூக்கி, கழுத்துக்குக் கீழே இரைப்பையைத் தடவிப் பார்த்தார். நிறைந்திருந்தது. இன்னொன்றின் காலைத் திருப்பிப் பார்த்தார்.

"அம்பதுல பத்து போவும்னு கணக்குப் போட்டுத்தான் வாங்குனேன் தம்பி" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஐயக்கடன் ஒதுக்கு! வராக் கடனுக்கு முன்கூட்டியே ஒதுக்கி வைக்கிற கணக்கு. மூன்று வருஷம் காலேஜில் படித்தேன், எனக்குத் தோன்றவில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற மதினிக்குத் தோன்றியிருக்கிறது. அப்படியானால் ஏழு போனது கணக்குக்குள்ளேதானே என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"ஆனா ஒரே ராத்திரியில ஆறுன்னு போடல."

அவ்வளவுதான். பிறகு உள்ளே போய் உலை வைத்தார்.

ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து விடுவதற்கும் நானே போய், மருந்தை ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் வாங்கி வந்தேன். கழிச்சல் நோய்க்கான மருந்து. சூடு பட்டால் மருந்து செத்துவிடும். குஞ்சுக்குச் சூடு வேண்டும், மருந்துக்குக் குளிர் வேண்டும். 1920-களில் இமயமலை ராணிக்கெட்டில் கண்டுபிடித்ததால் அந்த ஊர்ப் பேரையே அந்த நோய்க்கு வைத்துவிட்டார்கள். புதியம்புத்தூருக்கு அப்படியொரு கெட்ட பேர் வராமல் கவுனோடு நின்றது பாக்கியம்.

ஆனி மாசம் திரும்பப் போனேன். கூடத்தில் ஓவர்லாக் மெஷின் நின்றது. பாதி சேவல் விற்ற பணம், பாதி மகளிர் குழுக் கடன். மதினி ஒரு கவுனை ஓரம் அடித்து என் பக்கம் தூக்கிக் காட்டினார். பிசிறில்லாமல் இருந்தது. ஆறு குஞ்சும் இருந்திருந்தால் கடன் எவ்வளவு குறைந்திருக்கும் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். அவரும் போட்டிருப்பார். இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

போன வாரம் எங்கள் தெருவில் மொபெட்டில் கூடை கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். ரோஸ், பச்சை, வயலெட். என் மகன் (ஐந்து வயசு) கேட்டில் ஏறி நின்று ஒரே அழுகை. வீட்டுக்காரி, "வேண்டாம், ரெண்டே நாள்ல செத்துரும், அப்புறம் பிள்ள அழுவான்" என்றாள். நியாயம்தான். நானும் வேண்டாம் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். கூடைக்குள்ளிருந்து கீச் கீச்சென்று சத்தம் வந்தது. எனக்குத் தெரிந்த கீச்.

ரெண்டு வாங்கினேன். பையனைக் கூட்டிக்கொண்டு எலக்ட்ரிகல் கடைக்குப் போய், அறுபது வாட் குண்டு பல்பு இருக்கா என்றேன்.

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "கோழிக்கா?"

"ஆமா அண்ணாச்சி" என்றான் என் மகன்.